பெரட்டு சாரும் ஒரு சாக்கு உருளைக்கிழங்கும்

உலகத்தில் கூட்டங்களை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். கூட்டம் என்று சொன்னதுமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு லீவு போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கூட்டம் நடத்துவதற்கென்றே சந்தைக்குப் போய் உருளைக்கிழங்கு வாங்கி வந்தவர் என்று பார்த்தால், எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஹட்டன் அலுவலகத்துக்குப் பொறுப்பாளராக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அவருக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு, அதை அறைக் கதவில் எழுதியும் வைத்திருந்தோம். ஆனால் வந்த கொஞ்ச நாளிலேயே அவர் எங்கள் எல்லோருக்கும் பெரட்டு சார் ஆகிவிட்டார்.

தோட்டங்களில் விடியற்காலையில் வேலையாட்களை ஓரிடத்தில் நிற்கவைத்து, இன்றைக்கு யார் எந்த மலையில் கொழுந்து பறிப்பது, யார் புல் வெட்டுவது என்று பிரித்து அனுப்புவார்களே, அதற்குத்தான் பெரட்டு என்று பெயர். மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களும் இந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தின் வேலை, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவருவது. ஓர் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தோம். நான் கணக்குப் பார்த்தேன். எஞ்சினியர் ஒருவர் இருந்தார். தேத்தண்ணி போட்டு, அறை கூட்டி, போட்டோக்கொப்பி எடுத்து, வருகிறவர்களுக்குப் பதில் சொல்லி, உண்மையில் அலுவலகத்தையே நடத்திக்கொண்டிருந்தவள் செல்வி. அவள் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். கொடுமை என்னவென்றால், தண்ணீர்த் திட்ட அலுவலகத்தில் வேலை செய்யும் செல்வியின் லயத்துக்குத் தண்ணீர் இல்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து, வழுக்குப் பாதையில் இறங்கி, மலை ஊற்று வந்து விழும் பீலியில் குடம் பிடித்து ஏற்றி வைத்துவிட்டுத்தான் எங்களுக்குத் தண்ணீர் கொதிக்க வைக்க ஓடி வருவாள். அந்தத் தோட்டத்துக்கும் திட்டம் இருந்தது, குழாய்கள்கூட எங்கள் களஞ்சியத்தில் வந்து கிடந்தன. கூட்டம் மட்டும் முடிந்தபாடில்லை.

ஏன் முடியவில்லை என்றால், நாங்கள் கூட்டம் நடத்திய லட்சணம் அப்படி. ஒரு முறை அலுவலகத்துக்கு மின்சாரக் கேத்தல் வாங்குவதா வேண்டாமா என்று கூடினோம். எஞ்சினியர், தான் படித்த காலத்தில் ஹொஸ்டலில் கேத்தல் ஒன்று வெடித்த கதையை ஆரம்பித்தார். அதிலிருந்து ஹொஸ்டல் சாப்பாட்டுக்குப் போனார். அங்கிருந்து அவருடைய கல்யாணச் சாப்பாட்டுக்கு நாங்கள் எல்லோருமாகப் போய்ச் சேர்ந்தோம். மத்தியானம் பசித்தபோது, கேத்தல் பற்றி ஆராய ஓர் உபகுழு அமைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானித்துக் கலைந்தோம். செல்வி அதுவரைக்கும் விறகடுப்பு மாதிரிப் புகை விடும் பழைய மண்ணெண்ணெய் அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

பெரட்டு சார் பார்த்த முதல் கூட்டமே அந்த உபகுழுவின் கூட்டம்தான். கடைசிவரை உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அந்தச் சனி ஞாயிறு றொசல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கும் சிநேகிதர் வீட்டுக்குப் போனவர், திங்கட்கிழமை காலை பஸ்ஸால் இறங்கி நேரே என் மேசைக்கு வந்தார்.

"பிள்ளை, உங்கட ஆக்கள் எவ்வளவு கெட்டிக்காரர் எண்டு உங்களுக்கே தெரியாது" என்றார்.

"என்ன சார் ஆச்சு?"

"விடிய எழும்பி வெளியில வந்து பாக்கிறன், அவ்வளவு சனம் நிக்குது. ஒரு கதிரை இல்லை. ஒரு பிஸ்கட் இல்லை. நான் பல்லு மினுக்கி முடிக்க முதல் எல்லாரும் வேலைக்குப் போட்டினம்! நாங்கள் ஒரு கேத்தலுக்கு உபகுழு போட்டுக்கொண்டு இருக்கிறம்."

நாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்துச் சலித்த பெரட்டை ஒரு மனிதர் முருகன் தரிசனம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? தலையை ஆட்டி வைத்தேன். ஆட்டியிருக்கக் கூடாது என்று அன்றைக்குப் பத்து மணிக் கூட்டத்தில் தெரிந்தது. கூட்ட அறையில் உட்கார ஒரு கதிரைகூட இல்லை. எல்லாவற்றையும் களஞ்சியத்தில் போட்டுப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்திருந்தார். சுவரில் சாய்ந்து பேசலாம் என்று எஞ்சினியர் கண்டுபிடித்த பிறகு கூட்டம் மொட்டை மாடிக்கு மாறியது. ஹட்டன் குளிரில், மூடுபனிக்குள், தூறலில் நனைந்துகொண்டு நின்று பார்த்தால்தான் ஒருவருக்கு உண்மையில் சொல்ல எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பது புரியும். கேத்தல் அன்றைக்கே வாங்கப்பட்டது.

சாருக்குப் பெருமை பிடிபடவில்லை. யார் வந்தாலும் பெரட்டின் மகிமையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். ஒரு நாள் தேத்தண்ணித் தட்டோடு மாடிக்கு வந்த செல்வி, அதையே கேட்டுக்கொண்டு நின்றாள். பொறுக்க முடியாமல் வாயைத் திறந்துவிட்டாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க. பெரட்டுல யாரு சார் பேசுறா? வேல பாக்க வைக்கிற கண்டாக்கு ஐயா பேரக் கூப்பிட்டு மலையச் சொல்லுவாரு, நாங்க போவோம். எதுத்து ஒரு வார்த்த பேசினா அன்னைக்கு அட்டை கடிக்கிற மலைதான் கிடைக்கும். பேசாம இருக்கிறதால சீக்கிரம் முடியுது. அதுக்குப் பேரு கூட்டமாங்க?"

அன்று மத்தியானம் சார் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கவே இல்லை. ஜன்னல் வழியாகப் பஸ் நிலையத்தைப் பார்த்தபடி நின்றார். மற்ற மேலதிகாரிகளாக இருந்தால் செல்வியின் மேல் எரிந்து விழுந்திருப்பார்கள், அல்லது கேட்காதது போல் இருந்திருப்பார்கள். இவர் மறுநாள் காலை எல்லோரையும் கூப்பிட்டு, "செல்வி சொன்னது சரி. பெரட்டில வேகம் இருக்கு, கதை இல்லை. எங்கட கூட்டத்தில கதை இருக்கு, வேகம் இல்லை. ரெண்டையும் கலக்கோணும்" என்று அறிவித்தார். பிறகு செல்வியைப் பார்த்து, "பிள்ளை, வீட்டில பழைய கொழுந்துக் கூடை ஏதும் கிடக்கோ?" என்று கேட்டார்.

இப்படித்தான் கூடை வந்தது. சட்டம் மிகவும் எளிது. பேச விரும்புகிறவர் கூடையை முதுகில் தொங்கவிட்டு, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டும். கூடை மாட்டியவர் பேசும்போது துரையே ஆனாலும் குறுக்கே பேசக் கூடாது. கூடை இல்லாதவருக்கு வாய் இல்லை. பேச்சு பாதை மாறினால், சார் ஓசைப்படாமல் பின்னால் போய் ஓர் உருளைக்கிழங்கைக் கூடைக்குள் போடுவார். நுவரெலியாக் கிழங்கு, ஒவ்வொன்றும் நல்ல கனம்.

எஞ்சினியர் முதல் நாள் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு கண் தெரியாமல் தடுமாறினார். செல்வி வயிறு குலுங்கச் சிரித்து, "அய்யய்யோ, நெத்தில இல்லீங்க, உச்சில போடுங்க" என்று சரிசெய்துவிட்டாள். அவர் குழாயின் விட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து, இத்தாலியில் இருக்கும் தன் மச்சான் வீட்டுக் குழாய்க்குப் போவதற்குள் மூன்று கிழங்கு விழுந்துவிட்டது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "அரை அங்குலக் குழாய் போதும்" என்று முடித்தார். நானும் தப்பவில்லை. போக்குவரத்துச் செலவைப் பற்றித் தொடங்கி, பஸ்ஸில் வந்த என் மாமியாரிடம் போய் நின்றபோது பின்னால் தொப்பென்று விழுந்தது. "மாமி எங்கட நிகழ்ச்சி நிரலில இல்லை, பிள்ளை" என்றார் சார்.

சேர்ந்த கிழங்குகளைச் செல்வி வெள்ளிக்கிழமைகளில் பிரட்டல் கறி வைத்துத் தருவாள். அந்தக் கறியின் ருசிக்காக வியாழக்கிழமைகளில் நாங்கள் வேண்டுமென்றே பாதை மாறிப் பேசினோம் என்பது சாருக்குக் கடைசிவரை தெரியாது. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாரோ என்னவோ, வெள்ளிக்கிழமைகளில் அவரும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிடுவார்.

இந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் கொழும்பிலிருந்து தலைமை அதிகாரி வந்து சேர்ந்தார். கோட் சூட், வாசனை, கையில் இரண்டு போன். அவருக்காவது சார் கதிரை கொடுப்பார், கூடையை ஒளித்து வைப்பார் என்று நினைத்தோம். சார் கூடையைத் துடைத்துச் சுத்தம் செய்து, "சேர், பேசுறதெண்டா இதைப் போடோணும்" என்று நீட்டினார். அதிகாரி ஏதோ மலைநாட்டு வரவேற்பு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டார். போட்டோ எடுக்கச் சொல்லி இரண்டு பக்கமும் திரும்பிக் காட்டவும் செய்தார். பிறகு ஜப்பானுக்குப் போய் வந்ததைப் பற்றிப் பேசத் தொடங்கினார். முதல் கிழங்கு விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. ஜப்பான் ரயிலுக்கு இரண்டாவது, அங்கே சாப்பிட்ட மீனுக்கு மூன்றாவது. நான்காவதில் தலை பின்னால் சாய்ந்தது.

"மிஸ்டர், என்ன செய்றீங்க? நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும் சேர். அதாலதான் சின்னக் கிழங்காப் பாத்துப் போடுறன்."

எஞ்சினியர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்தவர் போலப் படியிறங்கி ஓடினார். அதிகாரி கூடையைக் கழற்றிக் கீழே வைத்தார். முகம் சிவந்திருந்தது. கையிலிருந்த போனைப் பார்த்தபடி, இந்த அலுவலகத்தில் விளையாட்டு நடக்கிறதே தவிர வேலை நடக்கவில்லை என்றார். தலவாக்கலைத் தோட்டத்துக் குழாய்களை உதாரணம் காட்டினார். "இந்த மாதத்துக்குள்ள ரெண்டு லயமும் ஒத்துக்கணும். இல்லாட்டி அந்தக் குழாய் எல்லாம் வேற மாவட்டத்துக்குப் போகும். உங்க கூடையும் நீங்களும் அதோட போகலாம்."

தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்ற செல்வி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

அன்று சாயந்தரம் பஸ் நிலையத்தில் என் பக்கத்தில் நின்றவள், "அக்கா, எங்க நாத்தனார் மாசமா இருந்தப்ப பீலிக்குப் போய் குடத்தோட விழுந்துச்சு தெரியும்ல? கை முறிஞ்சதோட போச்சு. பிள்ளைக்கு ஒன்னும் ஆகல. இந்த மழைக்கு என்ன நடக்குமோ" என்றாள். குழாய் அவள் தினமும் கூட்டும் களஞ்சியத்தில் கிடக்கிறது. அது லொறியில் ஏறி வேறெங்கோ போவதையும் அவளே பார்த்துக் கையசைக்க வேண்டும். எனக்குக் கொழும்பின் மேலும், எங்கள் மேலும், எல்லாக் கூட்டங்களின் மேலும் ஆத்திரமாக வந்தது.

தகராறு என்னவென்றால், அந்தத் தோட்டத்தில் இரண்டு லயம். மேலே இருப்பது மேட்டு லயம், கீழே இருப்பது பணிய லயம். பணிய என்றால் எங்கள் பேச்சில் கீழே என்று அர்த்தம். செல்வி பணிய லயத்துக்காரி. மேட்டில் தொட்டி கட்டினால்தான் இரண்டு லயத்துக்கும் தண்ணீர் ஓடும் என்று எஞ்சினியர் சொன்னார். மேட்டில் கட்டினால் மேட்டுக்காரர்கள் வால்வைப் பூட்டிவிடுவார்கள் என்று பணிய லயத்து ஆண்கள் சொன்னார்கள். எங்களைத் திருடர்கள் என்கிறார்களா என்று மேட்டு லயத்து ஆண்கள் எழுந்தார்கள். அப்புறம் கோயில் திருவிழாவில் யார் முதலில் தேர் இழுத்தது என்ற பழைய சண்டை வரும். கூட்டம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். ஒவ்வொரு முறையும் இதே கதைதான்.

கடைசிக் கூட்டத்தை அந்தத் தோட்டத்துப் பெரட்டுக் களத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தார் சார். உண்மையான பெரட்டுக் களத்தில் கூட்டம் நடத்தப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் அவருக்கு முந்தின இரவு தூக்கமே வரவில்லையாம். வேலை போகப் போகிறவர் என்ற கவலை கொஞ்சமும் முகத்தில் இல்லை. கூடையைத் தோளில் மாட்டி, ஒரு சாக்கு கிழங்கை எஞ்சினியரோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர் கிழங்குக்கும் டிக்கெட் கேட்டுச் சண்டை பிடித்தார்.

தோட்டத்தின் உதவி மேலாளரான சின்னத்துரை வந்து ஓரமாக நின்றார். இரண்டு லயத்துச் சனமும் வந்திருந்தது. மேட்டு லயத்துத் தலைவர் வெள்ளை வேட்டியோடு, வாடகை மைக் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். சார் மைக்கின் வயரைப் பிடுங்கினார்.

"மைக் வேண்டாம், தலைவர். பேசுறதெண்டா கூடையைப் போடுங்கோ."

தலைவர் கூடையைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். "என்னங்க சார் வெளையாடுறீங்க? பொம்பளைங்க மாட்டுற கூடைய நான் மாட்டுறதா?"

சார் பணிய லயத்து ஆண்களிடம் நீட்டினார். அவர்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். ஹட்டன் அலுவலகத்தில் எஞ்சினியரும் கொழும்பு அதிகாரியும் மாட்டிய கூடைதான். ஆனால் இங்கே ஆண்கள் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவார்கள், மருந்தடிப்பார்கள், மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுவார்கள். கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு ஊர் முன்னால் நின்றால் சாகும்வரை அதைச் சொல்லியே கேலி பண்ணுவார்கள். அந்தக் களத்தில் அவ்வளவு நாளும் தொண்டை கிழியக் கத்திய ஆண்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

சார் என் காதருகில் குனிந்து, "பிள்ளை, இதை நான் யோசிக்கேல்ல" என்றார். குரலில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது.

அப்போது பெண்கள் நின்ற பின்வரிசையிலிருந்து மேட்டு லயத்துப் பாக்கியம் அக்கா முன்னால் வந்தார். கொழுந்து மலையில் அவர் பேசினால் அடுத்த மலைக்குக் கேட்கும் என்பார்கள். கூட்டங்களில் மட்டும் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. "குடுங்க சார், நான் மாட்டுறேன்" என்று வாங்கி, ஒரே வீச்சில் முதுகில் போட்டுக் கயிற்றை உச்சியில் மாட்டினார். பிறகு தலைவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

தான் கல்யாணமாகி அந்த லயத்துக்கு வந்த நாளிலிருந்து ஆரம்பித்தார். சார் பழக்க தோஷத்தில் ஒரு கிழங்கைப் போட்டார். பாக்கியம் அக்கா அசையவே இல்லை. மாப்பிள்ளை வீட்டில் முதல் நாளே குடத்தைக் கையில் கொடுத்து பீலிக்கு அனுப்பியதைச் சொன்னார். இன்னொரு கிழங்கு. மகள் பெரிய மனுஷியான அன்றைக்குத் தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்று சண்டை போட்டதைச் சொன்னார். இரண்டு கிழங்கு. மனிதர்களை அரை நிமிடத்தில் வழிக்குக் கொண்டுவந்த கனம், தினமும் மலை முழுக்கக் கொழுந்து சுமக்கும் முதுகில் ஏறி என்ன செய்யும்? கொஞ்ச நேரத்தில் அக்காவே பின்னால் திரும்பி, "என்னங்க சார் ஒன்னொன்னா போடுறீங்க, கை வலிக்கப் போவுது. சேர்த்துப் போடுங்க" என்றார். களமே சிரித்தது, சின்னத்துரை உட்பட.

சாக்கு காலியாகிவிட்டது. சார் அதை உதறிப் பார்த்தார். வெயில் ஏறியது, இறங்கியது. சாருக்கு முழங்கால் வலி உண்டு, ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றுகொண்டே இருந்தார். நான் பொறுக்க முடியாமல் பக்கத்தில் போய், "சார், நிப்பாட்டுங்க. பஸ்ஸும் போயிரும்" என்றேன்.

"எப்பிடிப் பிள்ளை நிப்பாட்டுறது? கூடை அவவிட்டத்தான் இருக்கு. சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இவ்வளவு கூட்டத்திலயும் இவவிட்ட ஆரும் ஒரு வார்த்தை கேக்கேல்லையே" என்றார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்துவிட்டேன்.

பாக்கியம் அக்கா கடைசியில் தொட்டிக்கு வந்து சேர்ந்தார். "பணிய லயத்துக்காரங்க பயப்படுறது ஞாயந்தானுங்க. எங்க ஆளுங்க நல்லவங்கதான். ஆனா சம்பள நாள்ல தண்ணியப் போட்டுட்டு, வால்வப் பூட்டினாலும் பூட்டுவானுங்க. இல்லேன்னு யாராச்சும் சொல்லுங்க பாப்போம்" என்றார். மேட்டு லயத்துப் பெண்கள் ஒருவரும் சொல்லவில்லை. ஆண்கள் சிலர் தரையைப் பார்த்தார்கள்.

அவர் கூடையைக் கழற்றியதும் செல்வி போய் எடுத்தாள். கிழங்கு நிறைந்த கூடை, தூக்குவதற்கே இரண்டு பேர் வேண்டும். அவள் மண்டியிட்டுக் கயிற்றைத் தலையில் மாட்டி எழுந்தாள். எங்கள் அலுவலகத்தில் அத்தனை கூட்டத்துக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தவள், ஒரு கூட்டத்திலும் கூடையைக் கேட்டதில்லை. நாங்களும் ஒரு நாளாவது அவளிடம் நீட்டியதில்லை. சின்னத்துரை முன்னால் பேசிப் பழக்கமில்லாதவள், பெண்கள் பக்கமே பார்த்துப் பேசினாள்.

"எங்க நாத்தனார் போன மழைக்கு விழுந்துச்சு. இந்த மழைக்கு மேட்டு லயத்துல விழுவாங்களோ, பணிய லயத்துல விழுவாங்களோ, யாருக்குத் தெரியும்? தொட்டி மேலயே இருக்கட்டுங்க. வால்வுச் சாவிய மட்டும் பணிய லயத்துல எங்ககிட்ட குடுங்க."

அவ்வளவுதான். இத்தனை காலமும் தொட்டியை எங்கே கட்டுவதென்று மண்டையை உடைத்துக்கொண்டோமே தவிர, சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. மேட்டு லயத்துத் தலைவர், "அது எப்படிங்க..." என்று ஓர் அடி முன்னால் வந்தார்.

"கூடைய மாட்டிட்டுப் பேசுங்க, தலைவரே" என்றார் பாக்கியம் அக்கா.

தலைவர் கூடையைப் பார்த்துவிட்டு இருந்த இடத்துக்கே போனார். "சாவி அவங்ககிட்ட இருக்கட்டும்" என்று பாக்கியம் அக்கா சொல்ல, பெண்கள் கையைத் தூக்கினார்கள். கொஞ்சம் தயங்கி ஆண்களும் தூக்கினார்கள். எஞ்சினியர் அங்கேயே கையெழுத்து வாங்கினார்.

எங்கள் அலுவலகச் சரித்திரத்திலேயே இவ்வளவு நீளமான கூட்டம் நடந்ததில்லை. சாரின் அத்தனை சட்டங்களும் தலைகீழாகிவிட்டன. அவர் பெரட்டுக் களத்துக் கல்லில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டு, "பிள்ளை, கூட்டம் நடத்துறது எப்பிடியெண்டு எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. ஆனா வேலை முடிஞ்சுது" என்று சிரித்தார். பஸ் போய்விட்டது. பணிய லயத்தில் கிழங்கை அவித்து, காரமான கட்டச் சம்பலோடு கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டுச் சின்னத்துரையின் ஜீப்பில் ஹட்டனுக்கு வந்தோம்.

தண்ணீர் வந்தது. கொழும்புக்கும் பெருமை வந்தது. திறப்பு விழாவில் தலைமை அதிகாரி, இது தன்னுடைய நேரடி வழிகாட்டல் என்று வெகுநேரம் பேசினார், கூடை மாட்டாமல். சார் அன்றைக்கு மேடைக்கு வரவில்லை. பணிய லயத்துக் கடைசிக் குழாயடியில் செல்வியின் நாத்தனாரோடும் கைக்குழந்தையோடும் நின்று, தண்ணீரைக் கையில் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். அவர் போன மறுநாளே கதிரைகள் திரும்பி வந்தன. இப்போது கொழும்போடு ஸூமில் கூட்டம் நடக்கிறது. படத்தை அணைத்துவிட்டு நான் கீரை ஆய்கிறேன், எஞ்சினியர் தூங்குகிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சார் செல்விக்குப் போன் எடுக்கிறாராம். "தண்ணி வருதோ?" என்பதுதான் கேள்வி. வருகிறது என்று ஒரு வார்த்தையில் சொல்ல செல்விக்குத் தெரியாது. குழாயைத் திறந்து போனைப் பக்கத்தில் பிடிப்பாள். பிறகு யாருக்குக் கல்யாணம், யார் வீட்டு மாடு கன்று போட்டது, பாக்கியம் அக்கா தலைவரோடு நேற்று எதற்குச் சண்டை பிடித்தார் என்று எல்லாம் சொல்வாள்.

"அவரு என்னடி சொல்வாரு?" என்று கேட்டேன்.

"ஒன்னும் சொல்ல மாட்டாருக்கா. ம், ம்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. நான் முடிச்சுட்டேன்னா, 'பிறகு?' அப்படிம்பாரு."

போன ஞாயிற்றுக்கிழமை நான் செல்வி வீட்டில் இருந்தபோது அந்தப் போன் வந்தது. அவள் என்னிடம் கொடுத்தாள். இத்தனை நாளும் ஒரு தடவைகூட எடுத்துப் பேசாத வெட்கத்தில் எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. "எல்லாரும் சுகம் சார். வேற விசேஷம் ஒன்னும் இல்லீங்க" என்றேன்.

"பரவாயில்லைப் பிள்ளை" என்றார், குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. "விசேஷம் இல்லாததுகளைச் சொல்லும். எனக்கு ஒரு அவசரமும் இல்லை."

சொல்லத் தொடங்கினேன். அவரும் போனை வைக்கவில்லை, எனக்கும் வைக்க மனம் வரவில்லை.